ஒப்பந்த மொழியும் பிறப்புத் தகுதியும்: கிரேக்க, உரோமானிய ஆட்சிக்கால எகிப்தியச் சமூகம்

ஆய்வுச் சுருக்கம்

தாலமி அரசர்களின் ஆட்சியிலும் (கி.மு. 305–30) அதனைத் தொடர்ந்த உரோமானிய ஆட்சியிலும் எகிப்தியச் சமூகம் அடைந்த மாற்றங்களைப் பாப்பிரஸ் ஆவணங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தாலமியர் காலத்தில் ஒருவர் கிரேக்கரா எகிப்தியரா என்பதை அவர் வகித்த பணியும் எழுதிய ஆவணத்தின் மொழியும் பெருமளவு தீர்மானித்தன. உரோமானியர் காலத்தில் அவ்விடத்தைப் பிறப்பு பிடித்துக்கொண்டது. எகிப்திய எழுத்து எந்தத் தடையாணையாலும் மறையவில்லை. நீதிமன்றம், பதிவகம், கோயில் ஆகிய மூன்று இடங்களிலும் அதற்கிருந்த பயன்பாடு அடுத்தடுத்துக் குறைந்தமையே அதன் மறைவுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

முதன்மைச் சொற்கள்: தாலமி மரபு, டெமோட்டிக், பாப்பிரஸ், தலைவரி, பெண்களின் சட்டத் தகுதி, கோயில், காப்டிக்

முன்னுரை

தமிழ் ஆய்வாளர்க்கு உரோமானிய எகிப்து முற்றிலும் அயலான களம் அன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததும் இன்று வியன்னாவில் உள்ளதுமான முசிறிப் பாப்பிரஸும், செங்கடற்கரைக் குசேர் அல்-காதிமில் கிடைத்த தமிழ்-பிராமிப் பானையோடுகளும் நம் வணிக வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறுகின்றன. எனினும், அப்பாப்பிரஸ் கிரேக்க மொழியில் எழுதப்பட்டிருப்பதைக் குறித்து நாம் பெரும்பாலும் வியப்பதில்லை. எகிப்தில் கண்டெடுக்கப்பட்டது, அது எழுதப்பட்டபோது ஆண்டவர்கள் உரோமானியர், நாட்டின் பெரும்பான்மை மக்கள் பேசியது எகிப்திய மொழி. அவ்வாறாயின் ஒப்பந்தத்தின் மொழி ஏன் கிரேக்கம்? இவ்வினாவுக்கு விடை காண்பது ஒரு வணிக ஆவணத்தின் பின்னணியை விளக்குவதோடு நில்லாது. அக்காலச் சமூகத்தின் அமைப்பையே விளக்க வேண்டியதாகிறது.

இக்காலப் பண்பாட்டை விளக்க முற்பட்டோர் இருவேறு வழிகளில் சென்றுள்ளனர். கிரேக்கமும் எகிப்தியமும் கலந்து ஒரு கலப்புப் பண்பாடு உருவாயிற்று என்பது ஒரு கருத்து. இரு மக்களும் ஒட்டாது அருகருகே வாழ்ந்தனர் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உள. ஆயினும் ‘கிரேக்கர்’, ‘எகிப்தியர்’ என்னும் சொற்கள் முந்நூறு, நானூறு ஆண்டுகளும் ஒரே பொருளில் நின்றன என்று இரு கருத்தினரும் கொள்வது சிக்கலுக்குரியது. அச்சொற்களின் பொருளை மாற்றியமைத்தது ஆட்சி நடைமுறையே என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

தாலமியர் ஆட்சியில் ‘கிரேக்கர்’ என்னும் வகை

கி.மு. 332இல் அலெக்சாந்தர் பாரசீகரிடமிருந்து எகிப்தைக் கைப்பற்றினார். அவருடைய தளபதி தாலமி கி.மு. 305 அளவில் அரசர் என்னும் பட்டம் பூண்டார். அலெக்சாந்திரியாவைத் தலைநகராகக் கொண்ட அம்மரபு ஏழாம் கிளியோபாத்ராவின் இறப்பு (கி.மு. 30) வரை நீடித்தது. அம்மரபில் எகிப்திய மொழி பேசக் கற்ற முதல் ஆட்சியாளர் அக்கிளியோபாத்ராவே என்று புளூட்டார்க் குறிப்பிடுகிறார். ஆட்சியாளர்க்கும் ஆளப்பட்டோர்க்கும் இடையே இருந்த மொழித் தொலைவை இக்குறிப்பு உணர்த்துகிறது.

இத்தொலைவை நிரப்பியவர்கள் இருமொழி எழுத்தர்கள். நிலத்தை அளக்கவும், விளைச்சலைக் கணக்கிடவும், வரி தண்டவும் ஊரறிந்த எழுத்தர் தேவைப்பட்டனர். எகிப்தியக் கோயிற்கல்வி பெற்றவர்களே தொடக்கத்தில் இப்பணிக்கு வந்தனர். எகிப்திய எழுத்தர் நாணற்புல்லின் நுனியை மென்மையாக்கிச் செய்த தூரிகையால் எழுதியவர்கள்; கிரேக்கர் கூர்மையாகச் சீவிய நாணல் எழுதுகோலைக் கையாண்டவர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ்கள் சிலவற்றில் தூரிகையின் தடித்த கோடுகள் காணப்படுகின்றன. கிரேக்கம் எழுதிய கை எகிப்தியருடையது என்பதை எழுத்தின் தோற்றமே சொல்லிவிடுகிறது. உரோமானியர் காலத்திலோ நிலை தலைகீழாகி, டெமோட்டிக் எழுத்தும் கிரேக்க எழுதுகோலால் எழுதப்படுகிறது.

இரண்டாம் தாலமி காலத்து உப்புவரிப் பதிவேடுகள் இங்குக் கருதத்தக்கவை. ஆண், பெண் இருபாலரும் செலுத்திய இவ்வரியிலிருந்து கிரேக்கம் கற்பித்த ஆசிரியர்களுக்கும் உடற்பயிற்சி ஆசான்களுக்கும் விலக்களிக்கப்பட்டது. வேறொரு சிறு வரியிலிருந்து ‘ஹெல்லேனியர்’ என்னும் வகையினர் விலக்குப் பெற்றனர். இப்பதிவேடுகளைத் தொகுத்து வில்லி கிளாரிஸ், டோரதி தாம்சன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ‘ஹெல்லேனியர்’ பட்டியலில் எகிப்தியப் பிறப்பினரும் யூதரும் இடம்பெற்றுள்ளதைப் புலப்படுத்துகிறது. அரசுப் பணியில் சேர்ந்தவர் வரிப்பதிவேட்டில் கிரேக்கராகலாம். கிரேக்கர் என்பது சலுகையோடு கூடிய ஒரு வகை. கல்வியாலும் பணியாலும் அதனுள் நுழைய இயன்றது.

இதனால் தாலமியர் ஆட்சியைச் சமத்துவ ஆட்சி என்று கொள்ளலாகாது. உயர்பதவிகள் கிரேக்கரிடமே இருந்தன. கி.மு. 206/205 முதல் 186 வரை தீப்ஸ் பகுதி ஹோர்வென்னெஃபர், அங்க்வென்னெஃபர் என்னும் எகிப்தியப் பெயருடைய அரசர்களின் கீழ்த் தனித்து நின்றது. அக்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, கி.மு. 196இல், மெம்ஃபிஸில் கூடிய குருமார் ஐந்தாம் தாலமியைப் போற்றி வெளியிட்ட ஆணைதான் ஹைரோகிளிஃப், டெமோட்டிக், கிரேக்கம் ஆகிய மூவகை எழுத்துகளில் ரொசெட்டா கல்லில் பொறிக்கப்பட்டது. கோயில்களின் ஆதரவு அரசுக்கு எத்துணைத் தேவைப்பட்டது என்பதை அக்கல் காட்டுகிறது.

ஒப்பந்தத்தின் மொழியும் நீதிமன்றமும்

கி.மு. 118இல் எட்டாம் தாலமியும் இரண்டாம், மூன்றாம் கிளியோபாத்ராக்களும் ஒரு பொதுமன்னிப்பு ஆணை பிறப்பித்தனர். தெப்துனிஸில் கிடைத்த பாப்பிரஸ் ஒன்றில் அதன் படி உள்ளது. எந்த வழக்கு எந்த மன்றத்துக்கு உரியது என்பதை அதன் ஒரு பிரிவு வரையறுக்கிறது. எகிப்தியர் கிரேக்கரோடு கிரேக்க மொழியில் ஒப்பந்தம் செய்திருந்தால் வழக்கு அரச நடுவர் முன் செல்லும். கிரேக்கராயினும் எகிப்திய மொழியில் ஒப்பந்தம் செய்திருந்தால் ‘லவோகிரித்தாய்’ எனப்பட்ட நாட்டு நடுவர் முன் நாட்டுச் சட்டப்படியே வழக்காட வேண்டும். எகிப்தியர் தமக்குள் தொடுக்கும் வழக்குகளை அரச நடுவர் தம் மன்றத்துக்கு இழுத்துக்கொள்ளக் கூடாது.

வழக்காடுவோர் யாருக்குப் பிறந்தவர் என்பதை முதன்மையாகக் கொள்ளாது, அவர் கையிலுள்ள ஆவணம் எம்மொழியில் எழுதப்பட்டது என்பதை அளவுகோலாக்கியது இவ்வாணையின் சிறப்பு. ஒப்பந்தத்தை எழுதும் நேரத்திலேயே ஒருவர் தமக்குரிய சட்டத்தையும் தெரிந்துகொள்ள இயன்றது.

இத்தெரிவின் நடைமுறைப் பயனைப் பெண்களின் ஆவணங்களில் தெளிவாகக் காணலாம். கிரேக்கச் சட்ட வழக்கில் ஒரு பெண் ஒப்பந்தம் செய்யத் தந்தை, கணவர் அல்லது உறவினராகிய ஆண் ‘காப்பாளர்’ உடனிருத்தல் வேண்டும். எகிப்தியச் சட்டத்தில் இந்நிபந்தனை இல்லை. பெண் தன் பெயரில் நிலம் வாங்கவும் விற்கவும் கடன் கொடுக்கவும் வழக்குத் தொடுக்கவும் இயன்றது. மேல் எகிப்தின் பத்திரிஸ் ஊரில் கிடைத்த திரைத்தோன் குடும்ப ஆவணத் தொகுதி இதற்குச் சான்று. கிரேக்கக் குதிரைப்படை அலுவலரான திரைத்தோன் கி.மு. 150 அளவில் அப்பொலோனியா என்னும் பெண்ணை மணந்தார். அவருக்குச் சென்மொந்திஸ் என்னும் எகிப்தியப் பெயரும் உண்டு. அப்பொலோனியா பணமும் தானியமும் கடனாகக் கொடுத்துவந்தார். கிரேக்க மொழிக் கடன் பத்திரங்களில் கணவர் காப்பாளராகக் குறிக்கப்படுகிறார். திரைத்தோனின் உயில்கள் கிரேக்கத்தில் உள்ளன. மகள்களின் மணமுறிவு ஆவணங்களோ டெமோட்டிக்கில் உள்ளன. இக்குடும்பத்தைக் கிரேக்கக் குடும்பம் என்றோ எகிப்தியக் குடும்பம் என்றோ ஒரு சொல்லில் வகைப்படுத்த இயலாது. தேவைக்கேற்ற பெயரையும் மொழியையும் மன்றத்தையும் அவர்கள் கையாண்டனர்.

எகிப்திய எழுத்தைக் கற்பது அன்று கிரேக்கர்க்கும் பயன் தருவதாக இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஒரு கிரேக்கக் கடிதத்தில், தனக்கு நெருங்கிய ஆண் ஒருவர் எகிப்திய எழுத்துக் கற்பதை அறிந்து ஒரு பெண் மகிழ்ச்சி தெரிவிக்கிறார். எகிப்திய மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் சிறுவர்க்குக் கற்பிக்கும் வேலை அவருக்குக் கிடைக்கும்; முதுமைக்கு அது வழித்துணையாகும் என்பது மகிழ்ச்சிக்குக் காரணம்.

எனினும் பின்னாளைய மாற்றத்தின் வித்து இக்காலத்திலேயே ஊன்றப்பட்டுவிட்டது. எகிப்திய மொழி ஒப்பந்தங்களைக் கிரேக்கச் சுருக்கத்தோடு அரசுப் பதிவகத்தில் பதிவுசெய்யும் நடைமுறையைக் கி.மு. 145ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் ஒன்று விவரிக்கிறது. ஆவணத்தின் உடல் எகிப்தியமாக இருந்தாலும் அதற்கு அரசின் ஏற்பு கிரேக்கத்தில் கிடைத்தது.

உரோமானிய ஆட்சி: பிறப்பே தகுதி

கி.மு. 30இல் எகிப்து உரோமை மாகாணமாயிற்று. ஆட்சி நிருவாகத்தின் மொழியாகக் கிரேக்கமே தொடர்ந்தது. இலத்தீன் படைத்துறை, உரோமைக் குடிமக்களின் சில ஆவணங்கள் ஆகியவற்றோடு நின்றது. மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. அகஸ்டஸ் காலத்தில் வந்த தலைவரி 14 வயது முதல் ஏறத்தாழ 60 வயது வரையுள்ள ஆண்கள் மீது விதிக்கப்பட்டது. உரோமைக் குடிமக்களுக்கும் அலெக்சாந்திரியக் குடிமக்களுக்கும் விலக்கு உண்டு. மாவட்டத் தலைநகரின் தகுதிபெற்ற குடியினர் குறைந்த வீதத்தில் செலுத்தினர். ஏனையோர், சட்டத்தின் பார்வையில் ‘எகிப்தியர்’, முழுவரி செலுத்தினர். பாயூம் பகுதியாகிய அர்சினோயித்தில் முழுவரி ஆண்டுக்கு 40 திராக்மா. தலைநகரத்தார்க்கு 20 திராக்மா.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பள்ளியாசிரியர் கல்வியால் வரிவிலக்குப் பெற்றார். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் குறைந்த வரிக்குத் தகுதி காட்ட விரும்பிய இளைஞர் தந்தை வழியிலும் தாய் வழியிலும் தம் முன்னோர் உரிய வகுப்பினர் என்று நிறுவ வேண்டியிருந்தது. 14 வயதளவில் இச்சோதனை நடைபெற்றது. ஆக்சிரிங்கஸ் நகரின் உடற்பயிற்சிக் கழக வகுப்பினர் தம் மரபைக் கி.பி. 4/5ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட பட்டியல் வரை பின்னோக்கிக் காட்டினர். அர்சினோயித்தில் ‘6475 ஹெல்லேனியர்’ என்றே ஒரு வகுப்பினர் வழங்கப்பட்டனர். எண்ணால் பெயர்பெற்ற ஒரு வகுப்பு எத்துணை மூடுண்டதாகக் கருதப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 14 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட குடிக்கணக்கு இவ்வமைப்பைத் தாங்கியது.

இவ்வகைகளைக் காத்த விதிகள் ‘இதியோஸ் லோகோஸ்’ என்னும் நிதித்துறையின் விதித்தொகுப்பில் காணப்படுகின்றன. பெர்லினில் உள்ள இதன் படி கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விதிகளைக் கொண்டது. தந்தை இறந்தபின் அவரை உரோமைக் குடிமகன் என்று எழுதிக்கொண்ட எகிப்தியரின் சொத்தில் நான்கில் ஒரு பங்கு பறிக்கப்படும் என்கிறது ஒரு விதி. வெவ்வேறு தகுதியினரின் மணத்தில் பிறந்த குழந்தைகள் யாருடைய தகுதியைப் பெறுவர் என்பதைப் பிற விதிகள் வரையறுக்கின்றன. திரைத்தோன் குடும்பம் இயல்பாகக் கையாண்ட இரட்டைநிலை இங்குத் தண்டனைக்குரிய பொய்யாகிவிடும்.

பதிவகத்திலும் மன்றத்திலும் எகிப்திய மொழி

உரோமானிய ஆட்சியில் நாட்டு நடுவர் மன்றத்தைப் பற்றிய சான்றுகள் மறைகின்றன. நீதி வழங்கும் அதிகாரம் ஆளுநரிடமும் அவர்கீழ் அலுவலரிடமும் குவிந்தது. தெப்துனிஸ், சொக்னோபாயூ நேசோஸ் முதலிய ஊர்களின் கோயிற் சூழலில் டெமோட்டிக் ஒப்பந்தங்கள் கி.பி. 1ஆம் நூற்றாண்டிலும் எழுதப்பட்டன. ஆனால் அவற்றின் அடியில் ஒப்பந்தக்காரரின் ஒப்புதல் கிரேக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். சட்ட வலிமை அக்கிரேக்க வரிகளில்தான் இருந்தது என்றால், மேலுள்ள டெமோட்டிக் பகுதிக்கு இருமடங்கு கூலி கொடுப்பானேன் என்று மக்கள் எண்ணியிருத்தல் இயல்பே. அந்நூற்றாண்டின் முடிவுக்குள் டெமோட்டிக் ஒப்பந்தம் வழக்கொழிந்தது. காப்பாளரின்றிப் பெண் தானே ஒப்பந்தம் செய்ய இடந்தந்த ஆவண வடிவமும் அதனோடு மறைந்தது. பெண்களின் உரிமையைக் குறைக்க எவரும் சட்டமியற்றியதாகத் தெரியவில்லை. எழுதும் மொழி மாறியபோது உரிமையின் வடிவமும் மாறிற்று.

எகிப்தியச் சட்டம் உடனே மறைந்துவிடவில்லை. ஆக்சிரிங்கஸில் கிடைத்த கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று டெமோட்டிக் சட்ட நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பைத் தருகிறது. அச்சட்டம் மன்றங்களில் எவ்வாறு எடுத்தாளப்பட்டது என்பதற்குக் கி.பி. 186ஆம் ஆண்டில் தியோனிசியா என்னும் பெண் அளித்த நீண்ட மனு சான்று. தந்தை தம் மகளைக் கணவரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்னும் எகிப்தியச் சட்டத்தை எதிர்க்க, அவர் முந்தைய தீர்ப்புகளை மேற்கோளாக இணைத்திருந்தார். அவற்றுள் ஒன்று கி.பி. 133இல் நடந்த விசாரணை. தந்தையின் சார்பில் சட்டம் படிக்கப்படுகிறது. விசாரித்த அலுவலர் பக்கோனியஸ் ஃபெலிக்ஸ், ஆளுநர் தித்தியானஸின் முன்தீர்ப்பைப் பின்பற்றி, அப்பெண்ணின் விருப்பத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்கச் செய்கிறார். கணவரோடு இருக்கவே விரும்புவதாக அவர் விடையளிக்கிறார். அவ்விடையைப் பதிவுசெய்யுமாறு ஆணையிடப்படுகிறது.

இச்சிறு நிகழ்ச்சியில் அக்காலச் சமூகத்தின் முரண் முழுவதும் அடங்கியுள்ளது. பெண்ணின் விருப்பத்துக்கு உரோமானிய அலுவலர் இடமளித்தார். எகிப்தியச் சட்டமே இங்குத் தந்தையின் கடுமைக்குத் துணைநின்றது. ஆகவே எகிப்தியச் சட்டம் எல்லா நிலையிலும் பெண்ணுக்கு நலம் தந்தது, உரோமானிய ஆட்சி எல்லா நிலையிலும் தீங்கு செய்தது என்னும் எளிய முடிவுக்கு இடமில்லை. எனினும், எகிப்தியச் சட்டம் பேசப்பட்ட அவ்வவையில் எகிப்திய மொழி பேசிய பெண்ணின் சொல் மொழிபெயர்ப்பாளரின் வழியே செல்ல வேண்டியிருந்தது. நமக்குக் கிடைத்திருப்பது அச்சொல்லின் கிரேக்க வடிவமே.

கோயிலும் எழுத்தும்

நீதிமன்றத்தையும் பதிவகத்தையும் இழந்த எழுத்துக்கு எஞ்சிய புகலிடம் கோயில். தாலமியர் கோயில்களுக்கு மானியம் அளித்தனர், கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் நிறைவுற்ற எட்ஃபு கோயில் அம்மரபின் நெடிய கட்டடப் பணி. உரோமானியப் பேரரசர்களும் பாரோக்களின் உருவிலேயே கோயிற் சுவர்களில் செதுக்கப்பட்டனர். ஆனால் பொருளியல் அடித்தளம் மாறியது. அகஸ்டஸ் காலத்து ஆளுநர் பெத்ரோனியஸ் கோயில் நிலங்களை அரசின்கீழ்க் கொணர்ந்ததைத் தெப்துனிஸ் குருமாரின் கி.பி. 71/72ஆம் ஆண்டு மனு நினைவுகூர்கிறது. அரசின் உதவித்தொகைக்கு ஈடாக அவர்கள் அந்நிலத்தைப் பயிரிட்டு வந்தனர். குருமார் பட்டியல் ஆண்டுதோறும் அரசுக்கு அளிக்கப்பட்டது. மேற்சொன்ன விதித்தொகுப்பு குருமார் வேறு தொழில் செய்யலாகாது என்கிறது; கம்பளி உடுத்தி நீள்முடி வளர்த்த குருவுக்கு 1000 திராக்மா தண்டம் விதிக்கிறது. குருமாரின் தூய்மை மரபை அரசு காத்தது என்று இதனைக் கொள்ளலாம். அம்மரபு கணக்கர் மேற்பார்வைக்குரிய பொருளாயிற்று என்றும் கொள்ளலாம்.

எழுத்து உடனே பட்டுப்போகவில்லை. தெப்துனிஸ் கோயில் நூலகத்தில் கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளில் சமயம், மருத்துவம், சோதிடம், கதை ஆகிய துறைகளின் நூல்கள் படியெடுக்கப்பட்டன. நர்மூதிஸ் ஊரில் கிடைத்த எழுத்தோடுகளில் வலமிருந்து இடம் செல்லும் டெமோட்டிக் வரிகளுக்கிடையே இடமிருந்து வலமாகக் கிரேக்கச் சொற்கள் கலந்துள்ளன. கற்றோரின் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. எஸ்னா கோயிலில் பேரரசர் தேக்கியஸின் (கி.பி. 249–251) பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. காலம் அறியப்பட்ட இறுதி ஹைரோகிளிஃப் கல்வெட்டு ஃபீலேயில் கி.பி. 394இலும், இறுதி டெமோட்டிக் கல்வெட்டு அங்கேயே கி.பி. 452இலும் பொறிக்கப்பட்டன.

எழுத்து மறைந்தபோதும் பேச்சு மறையவில்லை. கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா பேரரசின் குடிகள் ஏறத்தாழ அனைவர்க்கும் குடியுரிமை வழங்கினார். மூன்றாண்டுகள் கழித்து அவரே அலெக்சாந்திரியாவிலிருந்து நாட்டுப்புற எகிப்தியரை வெளியேற்ற ஆணையிட்டார்; நெசவாளருள் உண்மை எகிப்தியரைப் பேச்சினாலேயே எளிதில் கண்டுகொள்ளலாம் என்கிறது அவ்வாணை. சட்டம் வேறுபாட்டை நீக்கியபின்னும் நாக்கு அதனைக் காட்டிக்கொடுத்தது.

இறப்புச் சடங்கிலும் பழமை நிலைத்தது. ஹவாராவில் கிடைத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள அர்த்தெமிதோரஸ் என்பாரின் பதப்படுத்திய உடலில் பெயரும் விடைவாழ்த்தும் கிரேக்கம். முக ஓவியத்தின் பாணி உரோமானியம். மார்புக்குக் கீழே அனூபிஸ் உடலைக் காக்கும் காட்சி எகிப்தியம். வரிப்பதிவேடு கேட்ட வினாவுக்கு ஒரே விடைதான் தர இயலும். கல்லறையில் அவ்வரம்பு இல்லை.

பேசப்பட்ட எகிப்திய மொழி பின்னர் புதிய எழுத்தைப் பெற்றது. கிரேக்க எழுத்துகள் இருபத்துநான்கோடு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமோட்டிக்கிலிருந்து ஆறு அல்லது ஏழு எழுத்துகளைச் சேர்த்து உருவான காப்டிக், கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் கிறித்தவ நூல்களாலும் கடிதங்களாலும் பரவிற்று. மொழி நிலைத்தது, மூவாயிரம் ஆண்டு எழுத்து மரபோடு அதற்கிருந்த தொடர்பு அந்தச் சில எழுத்துகளில் எஞ்சியது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தாலமியர் காலக் ‘கிரேக்கர்’ பணியாலும் ஆவணத்தாலும் அமைந்த வகை. உரோமானியர் காலக் ‘கிரேக்கர்’ பிறப்பால் அமைந்த வகை. ஒரே சொல் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை. இரண்டாவது, எகிப்திய எழுத்தின் மறைவை ஒரு பண்பாட்டின் தோல்வியாகவோ அடக்குமுறையின் நேரடி விளைவாகவோ கருதுவதைவிட, அதன் பயன்பாட்டிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கியதன் விளைவாகக் கருதுவதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. மூன்றாவது, எழுத்தின் மறைவு மொழியின் மறைவாகாது. ஆனால் ஆவண மொழி மாறும்போது அம்மொழி வழங்கிய சட்ட உரிமைகளும் மாறக்கூடும்.

முசிறிப் பாப்பிரஸ் கிரேக்கத்தில் இருப்பதன் காரணமும் இதனால் தெளிவாகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு எகிப்தில் கடனை மீட்டுத்தரக்கூடிய ஒப்பந்தம், இலத்தீன் வழங்கிய குறுகிய எல்லைக்கு வெளியே, கிரேக்க ஒப்பந்தமே. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பாப்பிரஸ்கள் பாயூம், ஆக்சிரிங்கஸ் போன்ற வறண்ட நிலங்களில்தான் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஈரம் மிகுந்த அலெக்சாந்திரியாவில் அவை நிலைக்கவில்லை. பதிப்பிக்கப்பட்டவற்றுள்ளும் கிரேக்க ஆவணங்களே பெரும்பான்மை; டெமோட்டிக் ஆவணங்களைப் படிக்க வல்லார் மிகச் சிலர். ஆதலின் கிரேக்க ஆவணங்களை மட்டும் கொண்டு எகிப்தியச் சமூகத்தை வரைவோர், அன்றைய பதிவகம் பார்த்த பார்வையையே தம் பார்வையாக ஏற்கும் இடர் உண்டு. டெமோட்டிக் ஆவணங்களையும் இணைத்து வாசிக்கும்போதுதான் கிரேக்க ஆவணத்தில் காப்பாளருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணும், மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணும் நம் கண்ணுக்குப் புலப்படுவர்.